அழிந்த வீடியோவை மீட்பதும், அது எங்கிருந்து வந்தது என்று காட்டுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ ஆதாரங்களை ஆராய்வதுதான் வேலை என்று தெரிந்தால் ஆட்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வக்கீல்கள், புலனாய்வாளர்கள், பதறிப்போன கேமரா சொந்தக்காரர்கள் என எல்லாரும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசை பாடப்புத்தக வரிசை அல்ல, ஆட்கள் கேட்கும் வரிசைதான்.

டெலீட் செய்த வீடியோ எங்கே போகிறது?

பெரும்பாலும் எங்கேயும் போவதில்லை. மெமரி கார்டில் ஒரு ஃபைலை அழிக்கும்போது படத்தை யாரும் துடைப்பதில்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று கார்டு வைத்திருக்கும் அட்டவணையில் "இந்த இடம் காலி" என்று ஒரு குறி விழுகிறது, அவ்வளவுதான். ஃபேட்32 வகைக் கார்டு என்றால் ஃபைல் பெயரின் முதல் எழுத்து இருந்த பைட்டில் 229 என்ற எண் வந்து உட்காரும். ஃபைல் எங்கே தொடங்கியது, எவ்வளவு நீளம் என்ற விவரங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். போய்விடுவது, நடுவில் அது எந்தெந்தத் துண்டுகள் வழியாகப் போனது என்ற சங்கிலி. சிறிய ஃபோட்டோ என்றால் சங்கிலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீடியோ பெரியது, பல இடங்களில் சிதறிக் கிடக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அப்படியானால் எதையும் மீட்டுவிடலாமா?

இல்லை. மூன்று இடங்களில் கதவு சாத்திக்கொள்ளும்.

ஒன்று, மேலெழுதுதல். அதே இடத்தில் வேறு தரவு ஒருமுறை ஏறிவிட்டால், இன்றைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பழைய படத்தை எடுக்க நடைமுறையில் வழியே கிடையாது. "மின்னணு நுண்ணோக்கி வைத்துப் படிப்பார்களாமே" என்று கேட்பவர்கள் உண்டு. நடப்பதில்லை.

இரண்டு, எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். ஃபைலை அழித்ததும் கம்ப்யூட்டர் எஸ்எஸ்டிக்கு "ட்ரிம்" என்றொரு கட்டளை அனுப்புகிறது. இனி இந்த இடம் வேண்டாம் என்று பொருள். அதன்பிறகு அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்களே வரும்.

மூன்று, மொபைல். இன்றைய போன்களில் சேமிப்பகம் முழுக்கச் சாவியில்லாமல் படிக்க முடியாத சங்கேத வடிவில்தான் (என்க்ரிப்ஷன்) இருக்கிறது. ஃபைல் போனால் பூட்டைத் திறக்கும் சாவியும் போகலாம். எஞ்சியிருக்கும் பைட்டுகளால் பிறகு பயனில்லை. ஆகவே போன் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது கேலரியின் குப்பைத்தொட்டி, கிளவுட் பேக்கப், வீடியோவை அனுப்பிய அரட்டைகள், முன்னோட்டப் படங்கள். ஐபோனில் அழித்தது சுமார் 30 நாள் வரை "சமீபத்தில் நீக்கியவை" பகுதியில் கிடக்கும். நுட்பம் எதுவும் தேவைப்படாமல் அங்கிருந்தே கிடைத்த ஆதாரங்கள் ஏராளம்.

சம்பவம் நடந்துவிட்டது. டிவிஆரை (கண்காணிப்புக் கேமராக்களின் பதிவுப் பெட்டியை) ஓடவிடலாமா, அணைத்துவிடலாமா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் வீதம் எழுதினால் மணிக்கு 1.8 ஜிபி, நாளுக்குச் சுமார் 43 ஜிபி. எட்டு கேமரா, 4 டிபி டிஸ்க் என்று வைத்துக்கொண்டால் பதினொன்றரை நாளில் டிஸ்க் நிரம்பிவிடும். அதன்பிறகு டிவிஆர் எதையும் கேட்காது, மிகப் பழைய பதிவின் மேல் புதியதை எழுதத் தொடங்கும். பத்தாம் நாள் கடிதம் எழுதி, பதினைந்தாம் நாள் பதில் வாங்கி, இருபதாம் நாள் பெட்டியை எடுக்கப் போனால் அங்கே இருப்பது வேறு நாட்களின் வீடியோதான்.

ஆகவே முதலில் டிவிஆரின் திரையில் மிகப் பழைய பதிவின் தேதியைப் பாருங்கள். வேண்டிய நாள் அதிலிருந்து தள்ளி இருந்தால் நிதானமாக எக்ஸ்போர்ட் செய்யலாம். ஓரிரு நாள்தான் இடைவெளி என்றால் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு எடுப்பதே சரி. "30 நாளுக்கு மேல் வைக்காதே" போன்ற அமைப்பு எதுவும் உள்ளதா என்றும் பாருங்கள். அது இருந்தால் டிஸ்க்கில் இடம் மிச்சம் இருந்தாலும் டிவிஆர் பழையதை அழிக்கும். அணைப்பதற்குமுன் இன்னொரு வேலையும் இருக்கிறது, கடிகாரம். அதற்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது.

டிவிஆர் டிஸ்க்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் மாட்டினேன். "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. எதையும் அழுத்தாதீர்கள். பல டிவிஆர் நிறுவனங்கள் விண்டோஸுக்குப் புரியாத தங்கள் சொந்த அமைப்பில் டிஸ்க்கை எழுதுகின்றன. ஹிக்விஷன் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியைப் பைட் பைட்டாகப் பார்த்தால் "ஹிக்விஷன்@ஹாங்சோ" என்று எழுதியிருப்பது கண்ணில் படும். ஆய்வுக் கருவி வகையை அறிந்துகொள்வதே அதை வைத்துத்தான். தாஹுவாவுக்கு வேறு அமைப்பு. இதெல்லாம் விண்டோஸுக்குத் தெரியாது. தெரியாததைக் காலி டிஸ்க் என்று நினைத்துக்கொண்டு உதவி செய்ய வருகிறது.

ஒருமுறை எங்களிடம் வந்த டிஸ்க்கில் அந்த உதவியை யாரோ ஏற்றுக்கொண்டிருந்தார்கள். விரைவு ஃபார்மட் என்பதால் தலைப்பகுதி மட்டுமே போயிருந்தது. வீடியோவில் பெரும்பகுதி கிடைத்தது, எந்தக் கேமரா, எந்த நேரம் என்று சொல்லும் அட்டவணை கிடைக்கவில்லை. துண்டு துண்டாகப் பார்த்து, படத்தின் மேலேயே பதிந்திருந்த நேரத்தை வைத்து அடுக்கவே வாரக்கணக்கானது. முழு ஃபார்மட் கொடுத்திருந்தால் அதுவும் மிஞ்சியிருக்காது.

டிஸ்க்கை எடுத்து இன்னொரு டிவிஆரில் மாட்டிப் பார்ப்பதும் இதே அளவு ஆபத்து. மாட்டியவுடன் தானாக ஃபார்மட் செய்யும் பெட்டிகள் உண்டு. சரியான வழி: ரைட் பிளாக்கர் வழியாக மாட்டுவது (டிஸ்க்கைப் படிக்க விடும், எழுத விடாது), டிஸ்க்கின் பிட் பிட்டான முழுப் பிரதி எடுப்பது, அப்புறம் அசலைப் பூட்டி வைத்துவிட்டுப் பிரதியில் வேலை செய்வது.

டிவிஆரில் நேரம் தவறாக ஓடுகிறது. ஆதாரம் செல்லாமல் போய்விடுமா?

போகாது, வித்தியாசத்தைக் குறித்திருந்தால். போனில் நெட்வொர்க் நேரத்தையும் டிவிஆர் திரையின் நேரத்தையும் ஒரே படத்தில் விழும்படி ஃபோட்டோ எடுத்து வையுங்கள். சரியான நேரம் 20:57:10, டிவிஆர் 21:14:30 காட்டுகிறது என்று வையுங்கள். டிவிஆர் 17 நிமிடம் 20 நொடி முந்தி ஓடுகிறது. 20:40க்கு நடந்ததைத் தேட வேண்டுமென்றால் டிவிஆரில் 20:57:20க்குப் போக வேண்டும். இது தெரியாமல் 20:40இல் தேடிவிட்டு "ஒன்றும் பதிவாகவில்லை" என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்றைய வித்தியாசம் மூன்று வாரம் முன்பும் இதே அளவு இருந்திருக்க வேண்டியதில்லை. மலிவான கடிகாரம் நாளுக்குச் சில நொடி விலகும். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி செத்துப்போயிருந்தால், கரண்ட் போய் வந்ததும் 2000 ஜனவரி 1 போன்ற ஆதித் தேதிக்குத் திரும்பிவிடும் பெட்டிகளும் உண்டு. காணாமல் போனதாகச் சொல்லப்படும் பதிவு அந்தத் தேதியின் கீழே பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

டிவிஆர் திரையைப் போனில் படம் பிடித்துக் கொடுத்தால் போதாதா?

வேறு வழியே இல்லாத நேரத்தில் ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் ஃபிரேம் வேகம் மாறுகிறது, ஓரம் வெட்டுப்படுகிறது, மெட்டாடேட்டா (எப்போது, எதில் எடுத்தது போன்ற உள் விவரங்கள்) முழுக்கப் போய்விடுகிறது. எடுப்பவரின் கமென்ட்ரி வேறு கூடவே பதிவாகிறது. அசல் வடிவத்திலேயே, அதற்கான பிளேயரோடு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். "ஏவிஐ ஆக மாற்றவா?" என்று டிவிஆர் கேட்டால் அதையும் எடுக்கலாம், ஆனால் கூடுதலாக.

பதிவு செய்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. ஃபைல் 3 ஜிபி இருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது.

எம்பி4 ஃபைல் பெட்டி பெட்டியாக அடுக்கியது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் நான்கு பைட்டில் அதன் அளவு, அடுத்த நான்கு பைட்டில் அதன் பெயர். "எஃப்டைப்" பெட்டி இது எந்த வகை என்று சொல்லும். "எம்டாட்" பெட்டியில் படமும் ஒலியும் கொட்டிக் கிடக்கும். "மூவ்" பெட்டிதான் பொருளடக்கம்: எத்தனையாவது ஃபிரேம் எந்த இடத்தில், எவ்வளவு நீளம், எப்போது காட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில்.

பல கேமராக்கள் இந்தப் பொருளடக்கத்தை ரெக்கார்டிங் முடிந்தபிறகே எழுதுகின்றன. நடுவில் பேட்டரி கழன்றாலோ, விபத்தில் காரின் டேஷ்கேம் கேமரா தெறித்து விழுந்தாலோ எம்டாட் இருக்கும், மூவ் இருக்காது. பிளேயருக்கு அந்த 3 ஜிபியும் வெறும் இரைச்சல்.

சரி செய்வது எப்படி? அதே கேமராவில், அதே அமைப்பில் ஒரு நிமிடம் புதிதாக ஒரு வீடியோ எடுக்கிறோம், வேறு கார்டில். அதன் மூவ் பெட்டியிலிருந்து படத்தின் அகல உயரம், குறியாக்க அமைப்பு போன்றவற்றை இரவல் வாங்கி, உடைந்த ஃபைலில் ஒவ்வொரு ஃபிரேமின் எல்லையையும் கண்டுபிடித்துப் புதுப் பொருளடக்கம் கட்டுகிறோம். தெளிவுத்திறன் 1080க்குப் பதில் 4கே என்று மாறியிருந்தால்கூடப் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள்தான் வரும். அதனால்தான் உடைந்த ஃபைலோடு கேமராவையும் கேட்கிறோம்.

கார்விங் என்கிறார்களே, அது என்ன?

அட்டவணையை நம்பாமல் டிஸ்க்கின் பைட்டுகளை முதலிலிருந்து கடைசிவரை படித்து, வீடியோவின் சாயல் தெரியும் இடங்களைச் செதுக்கி எடுப்பது. எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில் பதிந்த டிவிஆர் தரவில் 00 00 00 01 என்ற நான்கு பைட் வரிசை அடிக்கடி வரும். அடுத்த பைட் பதினாறடிமான முறையில் 67 என்றால் பெரும்பாலும் படத்தின் அமைப்பு விவரம், 65 என்றால் முழு ஃபிரேம் ஒன்று தொடங்குகிறது. இந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போகலாம். பொருளடக்கம் இல்லாவிட்டாலும் டிவிஆர் தரவு மீண்டு வர இதுவே காரணம்: முழு ஃபிரேமுக்கு முன்னால் அமைப்பு விவரத்தைத் திரும்பத் திரும்ப எழுதி வைக்கும் பழக்கம் அதற்கு உண்டு.

மெமரி கார்டு கதை வேறு. ஃபைலின் தலையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தொடர்ச்சியாக எடுத்தால் வீடியோ கிடைத்துவிடும் என்று எளிய கருவிகள் நினைக்கின்றன. கோப்ரோ போன்ற கேமராக்கள் பெரிய வீடியோவையும் முன்னோட்டத்துக்கான சின்ன வீடியோவையும் ஒரே நேரத்தில் எழுதுவதால் இரண்டின் துண்டுகளும் சீட்டுக்கட்டு கலைத்ததுபோல் மாறி மாறிக் கிடக்கும். தொடர்ச்சியாக எடுத்தால் முதல் சில நொடி ஓடி நின்றுவிடும். அப்போது ஃபைலாகத் தேடாமல் ஃபிரேமாகத் தேட வேண்டும். நெதர்லாந்து தடயவியல் நிறுவனம் வெளியிட்ட டிஃப்ரேசர் என்ற கருவி இப்படி, முழு ஃபைல் இல்லாதபோதும் வீடியோத் துண்டுகளைத் தேடி எடுப்பதற்காகவே செய்யப்பட்டது. ஒரே ஒரு ஃபிரேம் கிடைத்தாலும் சில வழக்குகளுக்கு அதுவே போதும்.

ஹாஷ் எதற்கு? இரண்டு பிரதிகளின் ஹாஷ் பொருந்தவில்லை என்றால் ஒன்று போலியா?

ஹாஷ் என்பது ஃபைலின் கைரேகை. ஷா-256 கணக்கிட்டால் 64 எழுத்து வரும். ஒரே ஒரு பிட் மாறினாலும் முற்றிலும் வேறு 64 எழுத்து. கையில் வாங்கிய நாளில் இருந்ததுதான் இன்றும் இருக்கிறது என்று காட்ட இது போதும். பழைய எம்டி5 முறையில் ஒரே ஹாஷ் வரும்படி இரு வேறு ஃபைல்களைச் செய்ய முடியும் என்பது 2004இலும், ஷா-1இல் முடியும் என்பது 2017இலும் காட்டப்பட்டுவிட்டது. ஆகவே புதிய வேலைகளுக்கு ஷா-256.

பொருந்தாததால் போலி என்று சொல்லிவிட முடியாது. ஒரே டிவிஆரிலிருந்து ஒரே காட்சியை இரண்டு முறை எக்ஸ்போர்ட் செய்தாலே, எக்ஸ்போர்ட் நேரம் உள்ளே பதிவதால் ஹாஷ் மாறலாம். அப்போது ஃபைல் முழுவதற்கும் பதிலாக, உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனித்தனியாக ஹாஷ் எடுத்து ஒப்பிடுகிறோம். உறை வேறு, உள்ளே இருக்கும் கடிதம் ஒன்றுதான் என்று அப்படித்தான் காட்ட முடியும்.

வீடியோ எடுத்த தேதி 1904 என்று காட்டுகிறது. யாரோ மாற்றிவிட்டார்களா?

அநேகமாக இல்லை. எம்பி4 காலக் கணக்கு 1904 ஜனவரி 1 நள்ளிரவில் தொடங்குகிறது. ஆப்பிளின் குவிக்டைமிலிருந்து வந்த வழக்கம். தேதியை நிரப்பாமல் பூஜ்யமாக விட்டால் 1904 என்று காட்டும். வீடியோவை வேறு வடிவுக்கு மாற்றும் பல மென்பொருள்கள் அப்படி விடுகின்றன. கம்ப்யூட்டர் உலகின் மற்றொரு கணக்கு 1970இல் தொடங்குகிறது. இரண்டுக்கும் இடையே 2,08,28,44,800 நொடி. கருவி ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் 66 ஆண்டு தள்ளிப்போகும். இதில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி, சில கேமராக்கள் உள்ளூர் நேரத்தையே எழுதிவிடும். சில மணி நேர வித்தியாசத்தைப் பார்த்ததும் சதி என்று முடிவுகட்டும்முன் அதே கேமராவில் ஒரு சோதனை வீடியோ எடுத்துப் பாருங்கள்.

இந்த வீடியோ இந்தக் கேமராவில்தான் எடுத்தது என்று நிரூபிக்க முடியுமா?

முடிந்த வழக்குகள் உண்டு. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒளியை மிகச் சிறிதளவு கூடுதலாகவோ குறைவாகவோ உணர்கிறது. தயாரிப்பிலேயே வந்துவிடும் அந்தக் கோணல் சென்சாருக்குச் சென்சார் வேறு. லுகாஷ், ஃபிரிட்ரிச், கோல்யான் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட கட்டுரை இதை வைத்துக் கேமராவை அடையாளம் காணும் முறையை நிறுவியது. சந்தேகத்துக்குரிய கேமராவில் வெற்று வானத்தையோ சுவரையோ பல நிமிடம் படம்பிடித்து, அந்தக் கோணல் படத்தில் விடும் இரைச்சல் அச்சைப் பிரித்தெடுத்து, வழக்கு வீடியோவின் அச்சோடு ஒப்பிடுவார்கள்.

ஃபோட்டோவில் நன்றாக வேலை செய்யும் இது வீடியோவில் அடிக்கடி திணறும். ஃபைலைச் சிறிதாக்கும் சுருக்கம் அந்த மெல்லிய அச்சைத் தேய்த்துவிடுகிறது. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி ஒவ்வொரு ஃபிரேமையும் சற்று நகர்த்தி வைப்பதால் அச்சு ஒன்றோடொன்று பொருந்தாது. அரட்டைச் செயலியில் நாலு கை மாறி வந்த வீடியோ என்றால் நம்பிக்கை வைக்காதீர்கள்.

வெட்டி ஒட்டியிருக்கிறார்களா என்று எப்படித் தெரியும்?

படத்தைப் பார்ப்பதற்குமுன் ஃபைலின் எலும்புக்கூட்டைப் பார்ப்பேன். ஒவ்வொரு போன் மாடலும் பெட்டிகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில் அடுக்கும். "போனிலிருந்து நேரடியாக வந்தது" என்று கொடுத்த ஃபைலில் எஃப்எஃப்எம்பெக் கருவி விடும் "லாவ்எஃப்" என்ற முத்திரையோ, வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 மென்பொருள் தன் அமைப்புகளை எல்லாம் வரிசையாக எழுதி வைக்கும் குறிப்போ இருந்தால், அது வேறு மென்பொருள் வழியாக வந்திருக்கிறது. காட்சி மாறியிருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. "நேரடியாக" என்ற சொல் மட்டும் பொய்.

ஒலியிலும் ஒரு தடம் உண்டு. மின்கம்பியின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் முனகல் பின்னணியில் பதிந்திருக்கும். அந்த அதிர்வெண் நொடிக்கு நொடி கொஞ்சம் ஏறி இறங்கும், ஒரே மின்கட்டமைப்பில் எங்கும் ஒரே மாதிரி. கட்டமைப்பின் பதிவேடு கிடைத்தால் எப்போது பதிவானது என்று ஒப்பிடலாம். நடுவில் வெட்டியிருந்தால் முனகல் அந்த இடத்தில் தாவும்.

மங்கலான நம்பர் பிளேட்டை ஏஐ வைத்துத் தெளிவாக்கலாமே?

தெளிவாகத்தான் தெரியும், சரியாக இருக்காது. பிளேட் மொத்தமே 12 புள்ளி அகலத்தில் இருந்தால் எழுத்துக்கு ஒன்றிரண்டு புள்ளிதான். அதில் 8ஆ, 3ஆ, 6ஆ என்ற தகவலே கிடையாது. ஏஐ தான் பழகிய ஆயிரக்கணக்கான பிளேட்டுகளிலிருந்து ஒன்றை வரைந்து கொடுக்கும். 2020இல் பரவலாகப் பேசப்பட்ட, மங்கலான முகத்தைத் தெளிவாக்கும் பல்ஸ் என்ற ஏஐ கருவியிடம் புள்ளிபுள்ளியாகக் கலைத்த ஒபாமா படத்தைக் கொடுத்தபோது வெள்ளைக்கார முகம் ஒன்று வந்தது. 2024இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில், ஏஐ கொண்டு மெருகேற்றிய போன் வீடியோவை ஆதாரமாக ஏற்க நீதிமன்றம் மறுத்தது.

நேர்மையான வழிகளும் இருக்கின்றன. நின்றுகொண்டிருக்கும் வண்டி நாற்பது ஃபிரேமில் இருக்கிறதென்றால் நாற்பதையும் பொருத்திச் சராசரி எடுத்தால் இரைச்சல் குறையும். சாய்ந்த கோணத்தை நிமிர்த்தலாம், வெளிச்சத்தைச் சரிசெய்யலாம். இருப்பதை வெளியே கொண்டுவரும் வேலை இது. ஒவ்வொரு படியையும் எழுதி வைத்தால் எதிர்த்தரப்பு நிபுணரும் செய்து பார்த்து அதே முடிவுக்கு வர முடியும்.

வீடியோவை வைத்து வண்டியின் வேகத்தைக் கணக்கிடலாமா?

எச்சரிக்கையாக. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் நகரும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஃபிரேமுக்கு 67 சென்டிமீட்டர். "25" என்று டிவிஆர் சொன்னாலும் உள்ளே 8தான் இருந்தால் ஃபிரேமுக்கு 2 மீட்டருக்கு மேல், கணக்கு மூன்று மடங்கு தவறும். பிளேயர் காட்டும் எண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு ஃபிரேமின் நேரக் குறியைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றை நிறையப் பேர் கவனிப்பதில்லை. எச்.264 படத்தை 16க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கிறது. பெரிதாக மாறாத கட்டத்தை முந்தைய ஃபிரேமிலிருந்து அப்படியே நகல் எடுத்துக்கொள்கிறது. திரையில் காணும் ஃபிரேமில் ஒரு மூலை இந்தக் கணத்தினுடையது, மறு மூலை அரை நொடி பழையது என்று இருக்கலாம். இருட்டில் ஒருவரின் கை அசைந்ததா, கையில் ஏதாவது இருந்ததா என்று ஒற்றை ஃபிரேமை நிறுத்தி வாதாடுகிறவர்கள், அந்தக் கட்டம் அந்தக் கணத்தில் புதிதாக எழுதப்பட்டதா என்று முதலில் கேட்க வேண்டும். அதைச் சொல்லும் கருவிகள் இருக்கின்றன.

ஒரே வீடியோ வேறு வேறு அளவில் பரவியிருக்கிறது. எல்லாம் ஒன்று என்று எப்படிப் பிடிப்பது?

சாதாரண ஹாஷ் இங்கே உதவாது, அளவு மாறினாலே மாறிவிடும். படத்தின் ஒளி இருள் அமைப்பிலிருந்து கணக்கிடும் ஹாஷ்கள் உண்டு. ஒன்றுபோன்ற படத்துக்கு ஒன்றுபோன்ற எண் வரும். மைக்ரோசாஃப்ட் 2009இல் கொண்டுவந்த ஃபோட்டோடிஎன்ஏ இந்த வகை. வீடியோவுக்கு 2019இல் ஃபேஸ்புக் திறந்த மூலமாக வெளியிட்ட முறையும் உண்டு. ஓரத்தை வெட்டினாலோ கண்ணாடிபோல் திருப்பினாலோ இவை தடுமாறும், அங்கே மனிதக் கண்தான்.

ஆய்வகத்துக்குக் கொடுக்கும்போது கூடவே என்ன தர வேண்டும்?

டிவிஆர் பெட்டி, அதன் அடாப்டர், பாஸ்வேர்டு, நேர வித்தியாசத்தைக் காட்டும் ஃபோட்டோ, எந்தக் கேமரா எங்கே பார்க்கிறது என்று ஒரு தாளில் கிறுக்கிய படம், யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது மாறியது என்ற பட்டியல். ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் இருந்தால் எது எந்த இணைப்பில் இருந்தது என்று கழற்றும்முன் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அடாப்டரைத்தான் எல்லாரும் மறந்துவிட்டு வருகிறார்கள்.